ஊருக்குத் திரும்பினால் அறுவடை வேலையை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. அம்பத்தூரில் ஒப்பந்த வேலை போய்விட்டது. வயது 29, படிப்பு ஐடிஐ. சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். அம்மா இன்னும் அறுவடைக்குப் போகிறார். "ஊரில் ஆளே கிடைக்கவில்லை என்கிறார்கள், கூலியும் ஏறிவிட்டது. நானும் மனைவியும் திரும்பிப் போய் அறுவடை வேலையிலேயே இருந்துவிடலாமா? இல்லையென்றால் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார், அதற்குப் போகலாமா?"

நீங்கள் உண்மையில் கேட்பது கூலி எவ்வளவு என்பதை அல்ல, வருஷத்தில் எத்தனை நாள் கிடைக்கும் என்பதைத்தான். ஊரில் 'ஆள் கிடைக்கவில்லை' என்று நிலத்துக்காரர் சொல்வதும் உண்மை, 'வேலை இல்லை' என்று கூலிக்காரர் சொல்வதும் உண்மை. கதிர் முற்றிய அந்த 10, 15 நாளில் எல்லாக் கழனியும் ஒரே நேரத்தில் ஆள் கேட்கும். அது முடிந்தால் அடுத்த பட்டம் வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 100 நாளுக்கு 70,000தான். மாதத்துக்குப் பிரித்தால் 6,000 கூட வராது. நாள் கூலியைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: நெல் அறுப்பு என்பது கை வேலையாகத் திரும்பி வராது. ஒரு ஏக்கரை அரிவாளால் அறுத்து, அரி போட்டு, கட்டு கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்துத் தூற்ற ஏறக்குறைய 20 ஆள் வேலை ஆகும். நிலம் காய்ந்து பயிர் நிமிர்ந்து நின்றால் இயந்திரம் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாடகை கொடுத்தாலும் நிலத்துக்காரருக்கு லாபம்தான். பணத்தைவிட முக்கியம் நேரம்: வானம் இருட்டினால் அன்றைக்கே அறுத்து வீடு சேர்க்க முடிகிறது. டீசல் விலையும் வாடகையும் எவ்வளவு ஏறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இயந்திரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கை வேலை மிஞ்சியிருக்கிறது. கழனியின் நான்கு மூலைகளிலும் வண்டி திரும்ப முடியாது. அது உள்ளே இறங்கும் வழிக்கும் இடம் வேண்டும். அந்தத் துண்டுகளை முன்கூட்டியே அரிவாளால் அறுத்து, வண்டி வந்ததும் அதன் வாயில் அள்ளிப் போட வேண்டும். வரப்பு ஓரம், பனை மரத்தடி, மின்கம்பத்தைச் சுற்றி இருப்பதும் கை அறுப்புதான். அறுத்த பிறகு உலர்த்தல். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை வருஷங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தியிருக்கிறது, ஆனால் அந்த உத்தரவு வரும் வரை மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. வண்டியிலிருந்து நேராக வரும் நெல் பல சமயம் 20க்கு மேல் காட்டும். தார்ப்பாயில் கொட்டி, காலால் கோடு கோடாகக் கிளறி, மாலையில் குவித்து மூடி, மறுநாள் மறுபடி பரப்பி, பிறகு 40 கிலோ மூட்டையாகப் பிடிக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்கள் செய்வது. எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 3, 4 ஆள் வேலை. முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

சந்தேகத்துக்குரியது மழை. கதிர் முற்றும் நேரத்தில் பெய்தால் பயிர் சாய்ந்துவிடும். சேற்றில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டி இறங்கும், ஆனால் சாய்ந்த பயிரை ஒரு பக்கமாக மட்டுமே வாரி எடுக்க முடியும்; திரும்பும்போது வெறுமனே வர வேண்டும். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்பது இரண்டரை மணி நேரமாகும். தண்ணீரே நின்றால் அரிவாள்தான் வழி. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி அறுவடைக்கு நின்ற சம்பா மீது பெய்த மழை அப்படிப்பட்டது. அந்த மாதிரி நாட்களில் அறுக்கத் தெரிந்த கைக்கு இரட்டிப்புக் கூலி கிடைக்கும். உங்கள் அம்மாவிடம் அந்தத் திறமை இருக்கிறது, கற்றுக்கொண்டால் நல்லது. ஆனால் அடுத்தவர் பயிர் சாய்வதை எதிர்பார்த்துக் குடும்ப பட்ஜெட் போட முடியாது.

இயந்திரம் முழுதாக நுழையாத பயிர்களில்தான் இனி நாட்கள் இருக்கின்றன. உங்கள் பகுதியைச் சுற்றி நான்கைச் சொல்வேன். வேர்க்கடலை: ஆடிப்பட்டம் ஐப்பசி வாக்கிலும், மார்கழிப்பட்டம் பங்குனி வாக்கிலும் பிடுங்குவதற்கு வரும். ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, பழுப்பேறிக் கருத்திருந்தால் முற்றிவிட்டது. மண் இறுகிப்போனால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, குத்தகைக் கூலி பேசுங்கள். காய் ஆய்வதற்குப் படிக் கணக்கிலோ மூட்டைக் கணக்கிலோ கூலி. காய் பிரிக்கும் இயந்திரமும் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டது என்பதால், இந்த வேலை நெல்லின் வழியில் போகுமா என்பது இப்போதைக்குத் திறந்த கேள்வி.

தர்பூசணி: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் மார்கழி, தையில் விதைத்து மாசி முதல் சித்திரை வரை அறுப்பார்கள். காம்பை ஒட்டிய பற்றுக்கம்பி காய்ந்திருக்க வேண்டும், தரையில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருக்க வேண்டும், தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்க வேண்டும். இந்தக் கண்ணும் காதும் உள்ளவரைத்தான் வியாபாரி முன்னால் நடக்கவிட்டு அறுக்கச் சொல்வார். பின்னால் வரிசையாக நின்று கைமாற்றி லாரிக்கு ஏற்றுவார்கள். லாரிக்குள் வைக்கோல் பரப்பி அடுக்குபவர் தனி ஆள். கூலி டன் கணக்கு. அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கும் வேலை, இளைஞர்களுக்கு ஏற்றது. ஒரு நாளும் முழு வயிறாகச் சாப்பிட்டுவிட்டு நேராக லாரி ஏற்ற நிற்காதீர்கள், தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் கொண்டுபோங்கள். மார்ச் கடைசியிலிருந்து வெயில் ஆளைச் சாய்க்கும்.

கரும்பு: மதுராந்தகம் பக்கம் படாளத்திலும் திருத்தணி பக்கம் திருவாலங்காட்டிலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. ஆலை வெட்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் வெட்ட முடியும், வெட்டியதை ஒரு நாளுக்குள் அரவைக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் எடையும் சர்க்கரையும் குறையும். அடிக்கரும்பில்தான் இனிப்பு அதிகம் என்பதால் தரையோடு வெட்ட வேண்டும். தோகையும் வேரும் சேர்ந்து போனால் ஆலையில் கழிவு பிடிப்பார்கள், அந்தச் சண்டை கடைசியில் வெட்டு ஆள் தலையில் விழும். வெட்டும் இயந்திரத்துக்குப் பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) இடைவெளி நாலரை, ஐந்து அடி வேண்டும். பழைய முறையில் மூன்றடியில் நட்ட கரும்பில் அது நுழைய முடியாது. அதனால் கை வெட்டு இன்னும் சில வருஷங்கள் இருக்கும்.

கரும்பில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது முன்பணம். மேஸ்திரி ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் கொடுத்து, 'வெட்டிக் கழித்துக்கொள்ளலாம்' என்பார். எத்தனை டன் வெட்டினோம், எவ்வளவு கழிந்தது என்பது அவர் நோட்டில் மட்டுமே இருக்கும். பருவம் முடிந்தும் கடன் முடியவில்லை என்று அடுத்த பருவத்துக்கும் பிடித்து வைப்பார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மரம் வெட்டும் வேலையில் இருளர் குடும்பங்கள் இப்படியே கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாத வெட்டுக்கு மேல் வாங்காதீர்கள். தினமும் எடைச் சீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள்.

நான்காவது மல்லிகை. மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்பதால் பொழுது விடியும் முன்பே தொடங்கி காலை 9 மணிக்குள் முடிந்துவிடும். கூலி கிலோ கணக்கு. மார்கழி, தையில் பூ விலை உச்சத்தில் இருக்கும், ஆனால் பனியில் செடியில் பூவே இருக்காது. பறிப்பவருக்கு அந்த விலையால் ஒரு பயனும் இல்லை. பங்குனி, சித்திரையில்தான் கை நிறைய வேலை. பிறகு நாள் முழுக்க வேறு வேலைக்குப் போக முடியும் என்பதே இதன் பெரிய வசதி.

இப்போது நாட்களைக் கூட்டிப் பாருங்கள். நெல்லின் மூன்று பட்டங்களில் சம்பா அறுவடை தை, மாசியில், நவரை சித்திரை, வைகாசியில், சொர்ணவாரி ஆவணியை ஒட்டி. மூன்றும் நடந்தால் நெல்லில் 40 நாள் கிடைக்கலாம். கடலையில் 25, தர்பூசணியில் 25. கரும்பில் குழுவோடு சேர்ந்தால் 50, 60. கூட்டினால் 150 போலத் தெரியும். ஆனால் மாசி, பங்குனியில் கரும்பு, கடலை, தர்பூசணி மூன்றும் ஒரே நேரத்தில் கூப்பிடும். ஒருவர் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். அதனால் நடைமுறையில் ஒருவருக்கு 100இலிருந்து 120 நாள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை மழை. வேர்க்கடலை கொஞ்சம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இது என் பொதுக் கணக்கு. இதைவிட நம்பகமான கணக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவை உட்காரவைத்து, போன பொங்கலில் தொடங்கி ஒவ்வொரு மாதமும் எந்தக் கழனிக்கு எத்தனை நாள் போனார், கையில் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். தேதி மறந்திருக்கும், திருவிழா, கல்யாணம், மழை இவற்றை வைத்துக் கேட்டால் ஞாபகம் வரும்.

உங்கள் பகுதி ஏரிப் பாசனம் என்பதால் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் ஏரியைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் நிறைந்து நின்றால் நவரை நடுவார்கள், சித்திரையில் வேலை உண்டு. ஏரி பாதிக்குக் கீழே என்றால் கிணறும் போரும் உள்ளவர்கள் மட்டும் நடுவார்கள். கோடை அறுவடை சுருங்கும். நான்கு மாதம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

உங்கள் படிப்புக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இயந்திரத்தின் பக்கத்தை. ஐடிஐ படித்த கை அரிவாளைவிட ஸ்பேனருக்கு அதிகம் பயன்படும். அறுவடை வண்டிகள் ஒரே ஊரில் நிற்பதில்லை; புரட்டாசியில் டெல்டாவின் குறுவை, தையில் சம்பா, பிறகு வட மாவட்டங்களின் நவரை, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று பயிரைத் துரத்திப் போகும். அதனால் வண்டியோடு போகும் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் கழனி ஆளைவிட அதிக நாள் கிடைக்கும். முதல் இரண்டு பருவம் உதவியாளராகத்தான் வைப்பார்கள். பெல்ட் இறுக்கம், கத்தி மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, நெல் உடைந்தால் எங்கே தளர்த்துவது, பதர் அதிகம் வந்தால் காற்றாடியை எப்படி வைப்பது என்பதையெல்லாம் அங்கே கற்கலாம். வேளாண் பொறியியல் துறையும் கிராமப்புற இளைஞர்களுக்கு இயந்திரம் இயக்கப் பயிற்சி கொடுக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கேளுங்கள். டிராக்டர் ஓட்டும் உரிமம் எடுத்துவிடுங்கள். நெல் ஏற்றும் டிராக்டர் டிப்பர், வைக்கோல் கட்டும் இயந்திரம் இரண்டுக்கும் அது உதவும்.

அதில் உள்ள ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரப் பயிர் வாயில் அடைத்துக்கொள்ளும்போது இன்ஜினை நிறுத்தாமல் கையை விட்டு இழுப்பதால்தான் விரலும் கையும் போகின்றன. அவசரம் என்று ஓட்டுநர் கத்தினாலும் சாவி உங்கள் கைக்கு வந்த பிறகே உள்ளே கை வையுங்கள். நெல் கொட்டும் குழாயை உயர்த்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி தாழ்ந்து போகிறதா என்று பாருங்கள். இரவில் அறுக்கும்போது அது கண்ணில் படாது.

கொள்முதல் நிலையங்களிலும் பருவ வேலை இருக்கிறது. சுமை தூக்குவோருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. அது தவிர தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று மாவட்ட அளவில் ஆள் எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிப்புத் தகுதி, வயது வரம்பு உண்டு. இந்த இடங்களுக்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயந்திரம் வந்ததில் அதிகம் இழந்தது பெண்கள்தான். அறுப்பு, தூற்றல் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. வண்டி ஓட்டும் வேலை ஆண்களிடம் போனது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976இலிருந்து சட்டம், ஆனால் கழனியில் பாதிக்குச் சற்று மேல்தான் பெண்ணுக்குக் கிடைக்கிறது. இதை உடைக்க நடைமுறையில் வேலை செய்யும் வழி, பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து ஏக்கருக்கோ மூட்டைக்கோ குத்தகை பேசி, கிடைத்ததைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது. ஏரி வேலை என்று ஊரில் சொல்லும் நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அது நாளுக்கு 336 ரூபாய் என நிர்ணயித்தார்கள், அளந்து பார்த்துக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. 100 நாள் என்பது குடும்பத்துக்குச் சேர்த்துத்தான், ஆளுக்கு அல்ல. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் இதை 125 நாளாக்கி, விதைப்பு, அறுவடை உச்சத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் கொடுக்கிறது. அறுவடைக்குப் போகிறவர்களுக்கு அந்த 60 நாள் எந்த மாதங்களில் வருகிறது என்பது முக்கியம். ஊராட்சியில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஊருக்குப் போன முதல் வாரமே இரண்டு பதிவுகளை முடியுங்கள். ஒன்று இ-ஷ்ரம், அதாவது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், அதோடு இணைந்த போன் எண், வங்கிக் கணக்கு போதும், 16 முதல் 59 வயது வரை. மற்றொன்று முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். நிலமில்லாத விவசாயக் கூலிகளும் 18 முதல் 65 வயது வரை சேரலாம், கிராம நிர்வாக அலுவலர் வழியாக. விபத்து, பிள்ளைகள் படிப்பு, முதியோர் உதவி என்று அதில் உண்டு. கழனி வேலைக்கு இஎஸ்ஐயும் பிஎப்பும் கிடையாது என்பதால் இதையாவது விட்டுவிடக் கூடாது.

என் கருத்து: இருவரும் ஒரே நேரத்தில் பருவ வேலையை நம்பாதீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு தொழிற்பேட்டைகளுக்கு உத்திரமேரூர், வந்தவாசி பக்கத்திலிருந்து கம்பெனிப் பேருந்துகள் ஓடுகின்றன. ஊரிலேயே தங்கி ஒருவர் மாதச் சம்பளமும் இஎஸ்ஐயும் உள்ள வேலைக்குப் போனால், வாடகை மிச்சம், மற்றவர் பருவத்துக்குப் பருவம் வருவதைச் சேமிக்கலாம். அம்பத்தூரில் பிடித்த பிஎப் பணம் இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், அடுத்த வேலைக்கு அதே பிஎப் எண்ணைக் கொடுங்கள்.

கடைசியாக அந்த 3 லட்சம். கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் மட்டுமே, இந்தியர்களுக்கு இல்லை. நியூசிலாந்தின் திட்டமும் பசிபிக் தீவுகளுக்கானது, கனடாவின் பருவகால விவசாயத் திட்டம் மெக்சிகோவுக்கும் கரீபிய நாடுகளுக்கும் உரியது. 2024இலிருந்து ஆஸ்திரேலியா இந்தியர்களுக்கு 'வேலையும் விடுமுறையும்' என்றொரு விசா திறந்திருக்கிறது. வருஷத்துக்கு 1,000 பேர், 18 முதல் 30 வயது, பள்ளிக்கு மேல் இரண்டு வருஷப் படிப்பு, ஆங்கிலத் தகுதி, குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் வர எந்த ஏஜென்டாலும் உதவ முடியாது, அது கிடைத்தாலும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. 'சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள்.

வேறு நாட்டு வேலை என்றாலும், இந்தியாவில் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை இ-மைகிரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அந்த ஏஜென்ட் கொடுத்த காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் காத்திருக்காமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.